ஊதாக் கிருமியும் பழைய கழுத்துக் கட்டியும்

கேள்வி: என் தம்பிக்கு வயது 31. சர்க்கரை, பிரஷர் எதுவும் கிடையாது. குடி, சிகரெட் இல்லை. வாரத்தில் நான்கு நாள் பத்து கிலோமீட்டர் ஓடுபவன். சின்ன வயதில் கழுத்தில் நெறி கட்டி இரண்டு முறை அறுத்ததைத் தவிர ஆஸ்பத்திரிப் பக்கமே போனதில்லை. இரண்டு மாதத்துக்கு முன் நண்பர்களோடு மலையேறப் போன இடத்தில் ஓடையில் வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டான். பத்தாவது நாள் நடுக்கத்தோடு காய்ச்சல். ஆஸ்பத்திரியில் செஃப்ட்ரியாக்சோன் ஊசி போட்டார்கள், காய்ச்சல் இறங்கவில்லை. ரத்தக் கல்ச்சரில் ஒரு பாட்டிலில் ஏதோ வளர்ந்ததாகவும், வெளியிலிருந்து கலந்ததாக இருக்கலாம் என்றும் சொன்னார்கள். மறுநாள் இன்னொரு பாட்டிலிலும் அதுவே வளர்ந்து, ‘குரோமோபாக்டீரியம் வயலேசியம்’ என்று பெயர் வந்தது. கல்லீரலில் மூன்று சீழ்க்கட்டிகள். ஆறு நாள் ஐசியு. மருந்தை மாற்றியபின் பிழைத்து வந்துவிட்டான். வீட்டுக்கு வந்து மூன்று வாரமாக சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரை சாப்பிடுகிறான். “நன்றாகத்தானே இருக்கிறேன்” என்று அதை நிறுத்தப் பார்க்கிறான், ஓடவும் ஆரம்பித்துவிட்டான். இவ்வளவு ஆரோக்கியமானவனுக்கு இது எப்படி வந்தது? அந்த ஒரு நாள் தாமதம் தவறில்லையா? ஒரே வீட்டில் இருக்கும் என் மகனுக்கும் (9) மகளுக்கும் (5) ஒட்டுமா? வீட்டுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டுமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்ட வரிசையில் நான் பதில் சொல்லப் போவதில்லை. முதலில் அவசரமானவை இரண்டு. தம்பி மாத்திரையை நிறுத்தக் கூடாது. ஓட்டத்தை நிறுத்த வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். இதை இங்கேயே மடித்து வைத்துவிட்டு, அவரைக் கூப்பிட்டு இந்த இரண்டையும் சொல்லிவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

சரி. அந்தக் கிருமியைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். நான் அதை முதன்முதலில் பார்த்தது பயிற்சிக் காலத்தில். காலையில் லேப்பில் கல்ச்சர் தட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தோம். ஒரு தட்டில் குண்டூசித் தலை அளவுக்குப் புள்ளி புள்ளியாக அடர்ந்த ஊதா. சாயத்தைச் சிந்திவிட்டார்கள் என்று நினைத்து டெக்னீஷியனிடம் கோபப்பட்டேன். அவர் பதில் பேசவில்லை. கம்பியால் ஒரு புள்ளியைத் தொட்டுப் புதுத் தட்டில் இழுத்து வைத்துவிட்டுப் போனார். மறுநாள் அந்தக் கோடு முழுக்க ஊதாவாக வளர்ந்திருந்தது. அந்த நிறம் கிருமியே உண்டாக்கும் சாயம். வயலேசின் என்று பெயர். பெயரில் இருக்கும் ‘வயலேசியம்’ அதைத்தான் குறிக்கிறது. (நிறமே இல்லாமல் வளரும் வகைகளும் உண்டு. அவை ஏமாற்றும்.)

வெப்பமான நாடுகளில் மண்ணிலும், குளம் ஓடைத் தண்ணீரிலும் இது சாதாரணமாக வாழ்கிறது. மனிதருக்கு வந்ததாக முதலில் பதிவானது 1927-ல் மலேயாவில். அதற்கப்புறம் இத்தனை வருடத்தில் உலகம் முழுக்கப் பதிவானவை சில நூறுதான். கோடிக்கணக்கான பேர் தினமும் இதே மண்ணையும் தண்ணீரையும் மிதித்து, சிராய்த்து, குளித்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் ஒன்றும் ஆவதில்லை. இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்லப் போவது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. நெட்டில் இதன் இறப்புக் கணக்கைப் படித்திருப்பீர்கள். அது பொய்யில்லை. பழைய தொகுப்புகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இறந்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்குக் கிருமியின் பெயர் தெரிவதற்குள் நேரம் கடந்துவிட்டது. உங்கள் தம்பி அந்தக் கட்டத்தைத் தாண்டிவிட்டார். இனி அந்த எண்ணைத் திரும்பத் திரும்பப் படித்து உங்களுக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

தாமதத்துக்கு வருகிறேன். ரத்தக் கல்ச்சர் என்பது கேட்பதற்குப் பெரிய விஷயம்போல் இருக்கும். வேலை என்னவோ எளிமையானதுதான். கையில் இரண்டு இடத்தில் குத்தி, பாட்டிலுக்கு எட்டிலிருந்து பத்து மில்லி ரத்தம் எடுத்து, சத்துக்குழம்பு உள்ள பாட்டில்களில் விட்டு, உடல் சூட்டில் வைத்து ஆட்டிக்கொண்டிருக்கும் இயந்திரத்தில் வைப்பார்கள். கிருமி வளர்ந்தால் கரியமில வாயு விடும். பாட்டிலின் அடியில் உள்ள வட்டு நிறம் மாறும், இயந்திரம் கூவும். அவ்வளவு ரத்தம் ஏன் என்று எல்லோரும் கேட்பார்கள். பெரியவர்களின் ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கும்போதுகூட ஒரு மில்லியில் ஒன்றிரண்டுதான் இருக்கும், சில நேரம் அதுவும் இருக்காது. குறைவாக எடுத்தால் தவறிப்போகும்.

சிக்கல் என்னவென்றால், ஊசி தோல் வழியாகத்தான் போகிறது. தோலில் இருக்கும் கிருமி ஒன்று ஒட்டிக்கொண்டு போனாலும் பாட்டில் அதையும் வளர்த்துக் காட்டும். நல்ல ஆஸ்பத்திரியில்கூட நூறு கல்ச்சரில் இரண்டு மூன்று இப்படிப் பொய்யாக வளரும். அதனால் ஒரு பாட்டிலில் மட்டும் வளர்ந்தால், அதிலும் கேள்விப்படாத கிருமி என்றால், மருத்துவருக்குச் சந்தேகம் வருவது நியாயம். கலப்படம் தோலிலிருந்து மட்டுமே வரும் என்றும் இல்லை. 1970-71-ல் அமெரிக்காவில் 25 ஆஸ்பத்திரிகளில் நோயாளிகளின் ரத்தத்தில் மண், செடிகளில் வாழும் கிருமிகள் வளர்ந்தன. தேடிப்போனால், நரம்பு வழியாக ஏற்றும் ட்ரிப்ஸ் பாட்டிலின் மூடிக்குள் இருந்த உள்வட்டில் கிருமி குடியிருந்தது. அங்கே நோயும் உண்மை, கலப்படமும் உண்மை.

ஆனால் உங்கள் கேள்விக்கு நேரான பதில் இது: தோலிலிருந்து கலப்பவை பெரும்பாலும் மைக்ரோஸ்கோப்பில் நீல நிற உருண்டைகளாகத் தெரியும் வகை. உங்கள் தம்பியின் பாட்டிலில் தெரிந்திருக்க வேண்டியவை இளஞ்சிவப்புக் குச்சிகள். நடுங்கிக் காய்ச்சல் அடிக்கும் ஒருவரின் ரத்தத்தில் அந்தக் குச்சிகளைப் பார்த்தால், பொய் என்று நிரூபணம் ஆகும்வரை அது உண்மை என்றே வைத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பாடம். நானாக இருந்தால் அன்றே மருந்தை மாற்றியிருப்பேன். அதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். காய்ச்சலோடு வந்தவருக்கு மருந்து போடுவதற்கு முன்பே இரண்டு இடத்தில் கல்ச்சர் எடுத்து, இரண்டாவது பாட்டில் கூவியதும் மருந்தை மாற்றியவர்களும் அதே ஆட்கள்தான். முதலில் போட்ட செஃப்ட்ரியாக்சோன், செஃபலோஸ்போரின் வரிசையில் நல்ல மருந்து; இந்தக் கிருமிக்குப் பென்சிலின் வகையும் செஃபலோஸ்போரின் வகையும் பெரும்பாலும் உறைக்காது, அவ்வளவுதான். பெயர் தெரியாத கட்டத்தில் அதை யாரும் ஊகிக்க முடியாது. உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இனிமேல் செய்ய வேண்டிய வேலைக்கு அந்த மருத்துவர்கள் உங்களுக்கு வேண்டும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ஆரோக்கியமானவனுக்கு எப்படி?

நீங்கள் தம்பியை ஆரோக்கியமானவர் என்பதற்குக் காட்டியவை ஓட்டம், சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை, கெட்ட பழக்கம் இல்லை. எல்லாம் சரி. ஆனால் அவற்றில் ஒன்றுகூட ஓடைத் தண்ணீர்க் கிருமியோடு சண்டை போடுவது இல்லை. போடுவது வெள்ளணுக்கள். அவற்றின் வேலையை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. மாரத்தான் ஓடினாலும் தெரியாது.

மண்ணில் வாழும் இன்னொரு கிருமியை எடுத்துக்கொள்ளுங்கள். பர்க்ஹோல்டெரியா சூடோமல்லெய், அது தரும் நோய் மெலியோய்டோசிஸ். 1911-ல் ரங்கூனில் விட்மோரும் கிருஷ்ணசாமியும் பிரேதப் பரிசோதனைகளில் கண்டுபிடித்தது. இன்று உலகில் வருடத்துக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்கு வருவதாக மதிப்பீடு. அதில் சிக்குபவர்களில் பெரும்பங்கு சர்க்கரை நோயாளிகள். “எனக்குச் சர்க்கரையே கிடையாது டாக்டர்” என்று சொல்லிக்கொண்டே அட்மிட் ஆகி, அன்றைக்கு எடுத்த ரத்தத்தில் சர்க்கரை முன்னூறைத் தாண்டி நிற்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்களைப் பொறுத்தவரை முந்தின நாள் வரை அவர்கள் ஆரோக்கியமானவர்கள்தான்.

இன்னொன்று சொல்கிறேன். 2009-ல் சிகாகோவில் ஓர் ஆராய்ச்சியாளர் பிளேக் கிருமியால் இறந்தார். ஆய்வகத்தில் அவர் கையாண்டது பலவீனமாக்கப்பட்ட கிருமி. உடம்பிலிருந்து இரும்பைப் பிடுங்கும் திறன் அதற்கு இல்லை, இரும்பு கிடைக்காமல் செத்துவிடும் என்ற நம்பிக்கையில்தான் அது பாதுகாப்பானது. இறந்தபின் சோதித்ததில் அவர் உடம்பில் இரும்பு அளவுக்கு மீறித் தேங்கும் பரம்பரைக் கோளாறு இருந்தது தெரிந்தது. கிருமிக்கு இல்லாததை அவர் உடம்பு தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டது. அறுபது வயது, அதுவரை அவருக்கே தெரியாது.

அதனால் அபூர்வக் கிருமி ரத்தத்தில் வளர்ந்துவிட்டது என்றால், கிருமியைப் பற்றிப் படிப்பதை ஒருபக்கம் வைத்துவிட்டு ஆளைத்தான் இன்னொரு தடவை பார்க்க வேண்டும். உங்கள் கடிதத்தை அப்படித்தான் படித்தேன். “சின்ன வயதில் கழுத்தில் நெறி கட்டி இரண்டு முறை அறுத்ததைத் தவிர” என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ‘தவிர’தான் எனக்கு வேண்டியிருந்தது.

வெள்ளணுக்களில் ஒரு வகை, கிருமியை விழுங்கி உள்ளே வைத்து எரித்துக் கொல்லும். எரிப்பது என்று சும்மா சொல்லவில்லை. ஆக்சிஜனிலிருந்து உண்டாக்கும் காரமான வேதிப்பொருட்களைக் கிருமிமேல் கொட்டும். சிலருக்குப் பிறவியிலேயே இந்த எரிப்பு வேலை நடக்காது. அணு விழுங்கும், எரிக்காது. விழுங்கிய கிருமியை வயிற்றில் வைத்துக்கொண்டு திணறும். அங்கங்கே நெறி கட்டும், சீழ் பிடிக்கும், கல்லீரலில் கட்டி வரும். க்ரானிக் கிரானுலோமேட்டஸ் டிசீஸ் என்று பெயர். இரண்டு லட்சம் பிறப்பில் ஒன்று என்பார்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும் கிருமிகளின் பட்டியல் சின்னது. அதில் உங்கள் ஊதாக் கிருமிக்கு உறுதியான இடம் உண்டு. பொதுவாக இது குழந்தையிலேயே தெரிந்துவிடும். ஆனால் எரிப்பு முழுக்க நின்றுபோகாமல் கொஞ்சம் மிச்சம் இருப்பவர்கள், முப்பது நாற்பது வயதுவரை ஓட்டிவிட்டு, பிறகு ஒரு நாள் இப்படி மாட்டிக்கொள்வதும் உண்டு.

உங்கள் தம்பிக்கு இது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. கழுத்தில் நெறி கட்டுவதற்கு நூறு காரணம் உண்டு, காசநோய் உட்பட. இந்தக் கிருமி வந்தவர்களில் நிறையப் பேருக்கு எவ்வளவு தேடினாலும் எந்தக் குறையும் அகப்பட்டதில்லை. சேற்றுத் தண்ணீர் ஆழமான காயத்தில் நிறையப் புகுந்தது ஒன்றே காரணமாகவும் இருக்கலாம். ஆனால் சோதிக்காமல் விடக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சோதனைக்கு டிஹெச்ஆர் என்று பெயர். கொஞ்சம் ரத்தம் போதும். வெள்ளணுக்களுக்குள் ஒரு சாயத்தை ஏற்றி, அவற்றைத் தூண்டிவிடுவார்கள். எரிப்பு நடந்தால் சாயம் ஒளிரும், நடக்காவிட்டால் இருட்டாகவே இருக்கும். உயிருள்ள அணுக்கள் வேண்டும் என்பதால் ரத்தம் எடுத்த அன்றோ மறுநாளோ லேப்புக்குப் போய்ச் சேர வேண்டும். வார இறுதிக்கு முந்தின நாள் மாலையில் எடுத்து அனுப்பினால் காசுதான் வீண். கூடவே மூன்று மாதச் சர்க்கரை சராசரி, எச்ஐவி, ஜி6பிடி என்ற நொதியின் அளவு, மண்ணீரலுக்கு ஒரு ஸ்கேன் இவற்றையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். இதில் எச்ஐவி என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இந்த மாதிரி நோய்க்கு எல்லோருக்கும் பார்ப்பதுதான்.

கோளாறு இருப்பதாகவே தெரிந்தாலும் அது முடிவு இல்லை. தினமும் ஒரு கிருமித் தடுப்பு மாத்திரை, ஒரு பூஞ்சைத் தடுப்பு மருந்து, காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்ப்பது என்று வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். தெரியாமல் இருப்பதுதான் ஆபத்து.

பிள்ளைகள் விஷயம். இந்தக் கிருமி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. மாமாவோடு சேர்ந்து சாப்பிடலாம், கட்டிப் பிடிக்கலாம், ஒரே கட்டிலில் தூங்கலாம். தட்டு, துண்டு தனியாக வைத்திருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள்; தம்பிக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் வேறு வழியில் அவர்கள் இந்தக் கதைக்குள் வருகிறார்கள். நான் சொன்ன பிறவிக் கோளாறின் ஒரு முக்கிய வகை தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு இறங்குவது. தம்பிக்கு அந்த வகை இருந்து, அம்மா அதைச் சுமப்பவர் என்று ஆனால், நீங்களும் சுமப்பவராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்படி இருந்தால் உங்கள் மகனுக்கும் அதே பாதி. மகளுக்கு நோய் வருவது அரிது. சுமப்பவளாக மட்டும் இருக்கலாம். இதைப் படித்துவிட்டு நாளைக் காலை மகனை லேப்புக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டாம். முதலில் தம்பியின் சோதனை. அது நன்றாக வந்தால் இந்தப் பத்தியை மறந்துவிடுங்கள். கோளாறு என்று வந்தால் அடுத்தது அம்மாவும் நீங்களும், அப்புறம்தான் பையன்.

தண்ணீரைச் சோதிக்க வேண்டாம். ஓடையில் அந்தக் கிருமி இருக்கும். இருப்பது அதன் ஊர். இருக்கிறது என்று தாளில் எழுதி வாங்கி என்ன செய்வது? தேடிப் போக வேண்டிய சந்தர்ப்பம் வேறு. ஒன்றுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரே கிருமி வந்தால், அல்லது வர வழியே இல்லாத இடத்தில் வந்தால் தேட வேண்டும். 2021-ல் அமெரிக்காவில் நான்கு வெவ்வேறு மாநிலங்களில் நான்கு பேருக்கு மெலியோய்டோசிஸ் வந்தது; இருவர் இறந்தார்கள். யாரும் அந்நோய் உள்ள நாட்டுக்குப் போனதே இல்லை. மாதக்கணக்கில் வீடு வீடாகத் துழாவியதில், ஒருவர் வீட்டில் இருந்த வாசனை ஸ்ப்ரே பாட்டிலில் அந்தக் கிருமி இருந்தது. தம்பிக்கு அப்படிப்பட்ட மர்மம் எதுவும் இல்லை. ஓடை இருக்கிறது, காயம் இருக்கிறது, நாள் கணக்கும் பொருந்துகிறது. பிள்ளைகளுக்குச் சிராய்ப்பு இருக்கும்போது குளத்தில் இறங்க விடாதீர்கள், சேற்றில் விழுந்த காயத்தை உடனே ஓடும் சுத்தமான தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள். அதற்கு மேல் பயந்து அவர்களை வீட்டுக்குள் பூட்டி வைக்கத் தேவையில்லை.

இனி மாத்திரை. கல்லீரலில் இருந்த கட்டிகளுக்கு ரத்த ஓட்டம் குறைவு. மருந்து உள்ளே போய்ச் சேர நாளாகும். காய்ச்சல் நின்று, பசி வந்து, எடை ஏறிய பின்னும் ஓர் ஓரத்தில் கொஞ்சம் கிருமி உயிரோடு இருக்கும். இந்தக் கிருமி, குணமாகிப் போனவர்களுக்கு வாரங்கள் கழித்துத் திரும்ப வந்த கதைகள் பதிவாகியிருக்கின்றன. அதனால்தான் ஊசி முடிந்தபின் இரண்டு மூன்று மாதம்கூட மாத்திரை கொடுக்கிறோம். எப்போது நிறுத்துவது என்பதை ஸ்கேனையும் ரத்தத்தையும் பார்த்து அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். தம்பியின் உடம்புக்கு இப்போது தெம்பாக இருக்கிறது என்பது கணக்கில் வராது. இன்னொன்று: சிப்ரோஃப்ளாக்சசினைப் பாலோடும், கால்சியம், இரும்பு மாத்திரைகளோடும், அசிடிட்டி மருந்தோடும் சேர்த்து விழுங்கக் கூடாது. வயிற்றிலேயே அவற்றோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் ஏறாமல் போய்விடும். மாத்திரை போட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அல்லது அதற்கு ஆறு மணி நேரம் முன்பே அவற்றை எடுத்துக்கொள்ளட்டும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு எல்லோரும் பாலும் சத்து மாத்திரையும் கொடுப்பார்கள் என்பதால் சொல்கிறேன்.

ஓட்டத்தை நிறுத்தச் சொன்னதற்கும் இதே மாத்திரைதான் காரணம். இந்த வகை மருந்து தசைநாரைப் பலவீனப்படுத்தும், முக்கியமாகக் குதிகாலுக்கு மேலே இருக்கும் தடித்த நாரை. அறுந்தேகூடப் போகலாம். 2008-லிருந்து அமெரிக்காவில் இதன் மருந்து விவரத் தாளில் கறுப்புக் கட்டம் போட்ட எச்சரிக்கை இருக்கிறது. பத்து கிலோமீட்டர் ஓடுபவர் அந்த நாரின்மேல் எவ்வளவு பாரம் போடுகிறார் என்பது உங்களுக்குத் தெரியும். நடக்கட்டும். மருந்து முடிந்த பின்னும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு மெல்ல ஆரம்பிக்கட்டும். குதிகாலுக்குப் பின்னால் வலியோ வீக்கமோ வந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அவர் வேறு மருந்துக்கு மாற்றுவார். வலிக்கிறது என்று தானாக நிறுத்திவிடக் கூடாது.

திரும்பவும் நடுக்கக் காய்ச்சல் வந்தாலோ, வலப்பக்க விலாவுக்குக் கீழே வலித்தாலோ, தோலில் சீழ்க் கொப்புளம் கிளம்பினாலோ, மருந்துக் கடையில் ஏதாவது வாங்கிப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் எடுத்துக்கொண்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எந்த மருத்துவர் இருந்தாலும் முதல் வாக்கியமாகக் கிருமியின் பெயரைச் சொல்லுங்கள். இப்போதே அந்தப் பெயரைத் தம்பியின் போனிலும் உங்கள் போனிலும் எழுதி வைத்துவிடுங்கள்.

அப்புறம் இன்று மாலை அம்மாவோடு கொஞ்ச நேரம் உட்காருங்கள். தம்பிக்குக் கழுத்தில் அறுத்தபோது என்ன வயது, புண் ஆற எத்தனை நாள் ஆயிற்று, அப்போது என்ன மருந்து கொடுத்தார்கள், சீழைச் சோதனைக்கு அனுப்பினார்களா என்று கேளுங்கள். அம்மாவுக்கோ உங்களுக்கோ வாய்ப்புண் ஓயாமல் வருமா, வெயில் பட்டால் முகத்தில் தடிப்பு வருமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் கோளாற்றைச் சுமக்கும் பெண்கள் சிலருக்கு அப்படி இருக்கும். கடைசியாக, கொஞ்சம் பக்குவமாகக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று. அம்மாவோடு பிறந்த ஆண்களில், அதாவது உங்கள் தாய்மாமன்களில், சின்ன வயதிலேயே காய்ச்சலிலோ கட்டியிலோ இறந்துபோனவர் யாராவது உண்டா? வீட்டில் அந்தப் பெயரைப் பேசாமலே விட்டிருப்பார்கள். பதில் எதுவானாலும் ஒரு தாளில் எழுதி, டிஹெச்ஆர் சோதனைக்குச் சீட்டு எழுதும் மருத்துவரிடம் கொடுங்கள்.